இலையில் ஒரு துளை அதிகம்

லியெபாயாவில் ஒரே ஒரு டிராம் வழிதான்.
பகலெல்லாம் அதில் போய் வருகிறேன்,
மூடிக்கிடக்கும் உருக்காலையிலிருந்து பாலம் தாண்டித் தெற்கே,
தெற்கிலிருந்து மறுபடி உருக்காலைக்கு.
இரவில் சமையலறை மேசைமேல் இன்னொரு வழி:
இருநூறு ஊசி, இருநூறு நிறுத்தம்,
ஏறவும் இறங்கவும் ஆளில்லை.

சாம்பல் நிறக் கம்பளி நூல்.
இடமிருந்து வலம் தள்ளினால் ஒரு வரிசை,
வலமிருந்து இடம் இன்னொன்று.
கடகட சத்தம் பொறுக்காமல் கீழ்வீட்டு ஜிட்ரா
துடைப்பக் காம்பால் தன் கூரையை இடிப்பாள்.
அது என் தரை.
பத்து மணி வரைதான் என்று ஒப்பந்தம்.
பத்தேகால் ஆகிவிட்டால்
அவள் இடியும் என் வரிசையும் ஒரே தாளத்தில் விழும்.

முதுகும் கைகளும் வெறும் பின்னல்,
மூன்று இரவில் முடிந்தன.
பாடுபடுத்தியது கரை.
கரைக்கு இரண்டாவது வண்டி ஒன்று வேண்டும்.
அது பின்னாது, கண்ணிகளை இடம் மாற்றும், அவ்வளவுதான்.
ஓர் ஊசி தன் கண்ணியைப் பக்கத்து ஊசிக்குக் கொடுத்துவிட்டு
வெறுங்கையோடு நிற்கும்.
பெரிய வண்டி வந்து
அந்த வெறுங்கையில் நூலைப் போட்டுவிட்டுப் போகும்.
அந்த இடம் துளை.
துளைகள் சேர்ந்தால் லேஸ்.

ஒரு வண்டி ஓடும்போது மற்றது
ஓரத் தண்டவாளத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும்.
ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டையும் மோதவிட்டேன்,
இருபத்தாறு வருடம் டிராம் ஓட்டியவள்.
பதினோரு ஊசி வளைந்தது.
பணிமனையில் யாருக்கும் தெரியாது.

அட்டையை நானே துளையிட்டேன்.
முன்பெல்லாம் டிராமில் சீட்டைத் துளைக்கும்
அதே டிக்,
சட்டைக் கைமடிப்பில் அதே பொடி வட்டங்கள்.
வானொலியில் கடல் நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
அலை உயரத்தைக் கேட்ட நேரத்தில்
ஒரு டிக் கூடிப்போயிருக்கிறது.

இந்த எந்திரம் பின்னுபவளுக்குத்
துணியின் முதுகைத்தான் காட்டும்.
முகம் சுவரைப் பார்த்திருக்கும்.
கரையில் மாட்டிய கனக்கொக்கிகளைக் கழற்றி,
ஊசிகளிலிருந்து இடது முன்பக்கத்தை இறக்கி,
விளக்கடியில் திருப்பினேன்.
ஆறு இலை.
ஆறிலும் காம்பருகே ஒரு துளை அதிகம்,
புழு சொல்லிவைத்துக் கடித்த மாதிரி.
முதல் தவறு என்னுடையது.
மற்ற ஐந்தும்
எந்திரத்தின் கீழ்ப்படிதல்.

பிரித்திருக்கலாம்.
பிரிக்கவில்லை, நூல் போதாது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
(கூம்பில் பாதி அப்படியே இருந்தது.)
அட்டையில் அந்த ஒரு துளைமேல் பசைநாடா ஒட்டி
வலது முன்பக்கத்தைப் பின்னினேன்.
ஒரு குற்றமும் இல்லாமல் வந்தது.
என்னவோ அதை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரியில் சீருடைக் கோட்டுக்குள் போட்டுப் போனேன்.
ஓட்டுநர் அறையின் சூட்டில் கோட்டுப் பொத்தான் திறந்திருந்தது.
ஓயார்ஸ் ஏறினார்,
குட்டைக்கால் நாயை இடுக்கிக்கொண்டு.
குளிருக்காக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை
தினமும் வருகிறவர்.
சீட்டைக் காட்டியவர் நகரவில்லை.

'இடப்பக்க இலையில் ஒரு துளை அதிகம்' என்றார்.

'வலப்பக்கத்தில்தான் ஒன்று குறைகிறதோ என்னவோ' என்றேன்.

சந்தை நிறுத்தம் வரை யோசித்தார்.
இரண்டு பேர் உருளைக்கிழங்குப் பையோடு ஏறினார்கள்,
ஒரு பெண் பள்ளிப் பையைத் தேடி இறங்கி, மறுபடி ஏறினாள்.
'நாயையும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன்' என்று
பின்னால் போய் உட்கார்ந்தார்.

இன்னும் சொல்லவில்லை.
பாலத்தின்மேல் ஜன்னல் இடுக்கில் கடற்காற்று வருகிறது.
இடமா வலமா என்று பார்க்காமல்
கிடைத்த துளையில் எல்லாம் நுழைகிறது.